தண்ணி மாறியதாலா முடி கொட்டுகிறது? இளைஞர்களின் வழுக்கையும் வீணாகும் முதல் இரண்டு வருடங்களும்

ஊரிலிருந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். தலை துவட்டினால் துண்டில் முடி, காலையில் எழுந்தால் தலையணையில் முடி. வீட்டுக்கு போன் போட்டுச் சொன்னால் அம்மா சொல்வது ஒன்றுதான்: “அங்க தண்ணி சரியில்லப்பா.” ரூம் மேட் ஹெல்மெட்டைக் குறை சொல்வார். சலூன் அண்ணன் அலமாரியிலிருந்து ஒரு சீரத்தை எடுத்து நீட்டுவார். போனில் இதைப் பற்றி ஒரு முறை தேடிவிட்டால் போதும், அன்றைக்கே ‘இலவச ஹேர் டெஸ்ட்’ விளம்பரம் வந்து நிற்கும்.

ஷவர் ஃபில்டர், வெங்காயச் சாறு, பயோட்டின் கம்மி, மூலிகை எண்ணெய் என்று இப்படியே ஒன்றிரண்டு வருடம் ஓடிவிடுகிறது. சிக்கல் அங்கேதான் ஆரம்பம். ஆண்களின் பரம்பரை வழுக்கையில், இருக்கும் முடியைக் காப்பாற்ற இன்றைக்கு ஓரளவு நம்பகமான வழிகள் உண்டு. முழுசாகப் பளபளவென்று ஆகிவிட்ட இடத்தில் மறுபடி முளைக்க வைக்கும் மருந்து கிடையாது. அதனால் சீக்கிரம் ஆரம்பிக்கிறவருக்கும் தாமதமாக ஆரம்பிக்கிறவருக்கும் கிடைக்கும் பலனில் பெரிய வித்தியாசம் வந்துவிடுகிறது.

கொட்டுவது வேறு, மெலிவது வேறு

ஒருவர் தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருக்கும். ஒவ்வொன்றும் சில வருடங்கள் வளரும், பிறகு ஏறக்குறைய மூன்று மாதம் ஓய்வெடுக்கும், பிறகு உதிரும். அதே வேர்க்காலிலிருந்து புதிய முடி கிளம்பும். எனவே தினமும் 50 முதல் 100 முடி வரை விழுவது இயல்பு. சீப்பில் இருப்பதை எண்ணிப் பார்த்துப் பதறத் தேவையில்லை.

டெங்கு, டைஃபாய்டு, கோவிட் போன்ற காய்ச்சலோ, அறுவை சிகிச்சையோ, சட்டென்று பத்து கிலோ குறைக்கும் டயட்டோ நடந்தால், இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாக வரும். தலை முழுக்கவே அடர்த்தி குறையும். பார்க்கப் பயமாக இருந்தாலும் இது பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாகவே அடங்கி, முடி திரும்ப வளர்ந்துவிடும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த ஆறு மாதத்தில் எந்த எண்ணெயைத் தேய்த்திருந்தாலும் பெயர் அந்த எண்ணெய்க்குப் போய்விடும். ‘எனக்கு இது வேலை செஞ்சுது ப்ரோ’ என்று நண்பர் சொல்வது பொய்யில்லை. எண்ணெய் இல்லாமலும் அது வளர்ந்திருக்கும் என்பதுதான் அவருக்குத் தெரியாது.

காசு அளவில் வட்டமாக, திடீரென்று ஓர் இடம் மட்டும் வெறுமையானால் அது புழுவெட்டு. பெயரில்தான் புழு இருக்கிறது; உண்மையில் உடலின் எதிர்ப்பு சக்தியே வேர்க்காலைத் தாக்குவதால் வருவது. சிகிச்சையும் வேறு.

இளைஞர்களை அதிகம் வாட்டும் பரம்பரை வழுக்கை இப்படி ஆரவாரமாக வருவதில்லை. சீப்பில் முடி அதிகமாகத் தெரியாமலேகூட நடக்கும். நெற்றியின் இரண்டு மூலைகளும் மெல்லப் பின்வாங்கும், உச்சியில் விளக்கு வெளிச்சம் பட்டால் தோல் தெரியும். அங்கே முளைக்கும் முடி ஒவ்வொரு சுற்றிலும் மெலிந்து, குட்டையாகி, கடைசியில் பூனை முடி போல ஆகிறது. கல்லூரி ஐ.டி. கார்டு போட்டோவை எடுத்து இன்றைய செல்ஃபிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பத்து நொடியில் தெரிந்துவிடும்.

அதே தண்ணிதானே பின்னந்தலையிலும் விழுகிறது?

உப்புத் தண்ணியின் மீதான குற்றச்சாட்டுக்கு எளிதான பதில் தலையிலேயே இருக்கிறது. அதே போர் தண்ணிதான் பின்னந்தலையிலும் காதோரத்திலும் விழுகிறது. அதே ஹெல்மெட்தான் தலை முழுக்க மூடுகிறது. ஆனால், எவ்வளவு வழுக்கை விழுந்தவருக்கும் பின்பக்கமும் காதோரமும் முடி நிற்கிறது. கடின நீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் முடியைச் சொரசொரப்பாக்கும், சிக்கு விழும், நடுவில் ஒடியும். தோலுக்கு அடியில் சில மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கும் வேர்க்காலைச் சுருக்க அதற்கு வழியில்லை.

அப்படியானால் ஊர் மாறியதும் ஏன் கொட்டுகிறது? வேலைக்காக ஊர் மாறுவது 21, 22 வயதில். பரம்பரை வழுக்கை கண்ணுக்குத் தெரிய ஆரம்பிப்பதும் பலருக்கு அதே வயதில்தான். இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால் பழி தண்ணியின் மேல் விழுந்துவிடுகிறது.

உண்மையான காரணம் வெளிவந்த கதை சுவாரஸ்யமானது. ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர், பருவ வயதுக்கு முன்பே விதைகளை இழந்த ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பதைக் கவனித்தார். அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை இருந்தவர்களுக்கு முடி போக ஆரம்பித்தது. 1942-ல் அவர் இதை வெளியிட்டார். ஆக, ஹார்மோனும் வேண்டும், பரம்பரையும் வேண்டும்.

அடுத்த துப்பு கரீபியன் நாடான டொமினிக்கன் குடியரசின் ஒரு கிராமத்தில் கிடைத்தது. அங்கே சில குழந்தைகள் பிறக்கும்போது பெண் போலத் தோன்றி, பருவ வயதில் ஆணாக வளர்ந்தார்கள். ஜூலியன் இம்பெராட்டோ-மெக்கின்லி தலைமையிலான குழு 1974-ல் காரணத்தைச் சொன்னது: டெஸ்டோஸ்டிரோனை டி.எச்.டி. என்ற இன்னும் வீரியமான ஹார்மோனாக மாற்றும் ஒரு நொதி அவர்களிடம் சரியாக வேலை செய்யவில்லை. பெரியவர்களான பிறகும் அவர்களின் புராஸ்டேட் சுரப்பி சிறியதாகவே இருந்தது, நெற்றி ஏறவுமில்லை. இந்தத் தகவலை வைத்து அந்த நொதியைத் தடுக்க மெர்க் நிறுவனம் உருவாக்கிய மருந்துதான் ஃபினாஸ்டெரைட்.

வழுக்கை விழுபவருக்கு டெஸ்டோஸ்டிரோன் அதிகம், அதனால் ‘ஆண்மை’யும் அதிகம் என்று வாட்ஸ்அப்பில் ஆறுதல் சொல்வதுண்டு. அது சரியல்ல. ரத்தத்தில் அளவு எல்லோரையும் போலத்தான் இருக்கும். நெற்றியிலும் உச்சியிலும் உள்ள வேர்க்கால்கள் டி.எச்.டி.யிடம் அதிகக் கூருணர்வோடு பிறந்திருக்கின்றன, அவ்வளவே. ‘அம்மா வழித் தாத்தாவைப் பார், தெரிந்துவிடும்’ என்பதும் பாதி உண்மை. முக்கியமான ஒரு மரபணு அம்மா தரும் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆனால், பிரிட்டனில் சுமார் 52 ஆயிரம் ஆண்களிடம் நடத்தி 2017-ல் வெளியான ஆய்வு, வழுக்கையோடு தொடர்புள்ள 287 மரபணுப் பகுதிகளைக் கண்டது. அப்பா வழியையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

வேலை செய்யும் இரண்டு மருந்துகள்

சோதனைகளில் தாக்குப்பிடித்து, பல நாடுகளில் ஒப்புதல் பெற்ற மருந்துகள் இரண்டு. இரண்டுமே வழுக்கைக்காகத் தேடப்பட்டவை அல்ல.

மினாக்ஸிடில் முதலில் ரத்த அழுத்த மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்தில் முடி வளர, அந்தப் பக்கவிளைவையே மருந்தாக்கினார்கள். தலையில் தடவும் திரவமாக 1988-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் (எஃப்.டி.ஏ.) ஒப்புதல் கொடுத்தது. முடியின் வளரும் காலத்தை இது நீட்டிக்கிறது. ஹார்மோனைத் தொடுவதில்லை.

இதைப் பாதியில் விட்டவர்களின் கதை பெரும்பாலும் ஒன்றுதான். ஆரம்பித்த சில வாரங்களில் முடி முன்பைவிட அதிகமாகக் கொட்டும். ஓய்வில் இருக்கும் பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புதியது கிளம்புவதால் வரும் உதிர்வு இது. முன்பே யாரும் சொல்லியிருக்காவிட்டால், பாட்டிலைக் குப்பையில் போட்டுவிட்டு ‘எனக்கு ஒத்துக்கல’ என்று முடித்துவிடுவார்கள். பலன் தெரியக் குறைந்தது நான்கு மாதம் வேண்டும். நிறுத்தினால் சில மாதங்களில், காப்பாற்றி வைத்திருந்த முடியும் போய்விடும். வீட்டில் பூனை இருந்தால் கூடுதல் கவனம் தேவை. மிகச் சிறிய அளவும் அதற்கு ஆபத்து. கைக்குழந்தை இருக்கும் வீட்டிலும் அப்படியே. அப்பா தடவிய மருந்து தோலில் பட்டுக் குழந்தையின் உடம்பில் முடி வளர்ந்த சம்பவங்களைத் தொடர்ந்து 2024-ல் ஐரோப்பிய மருந்து முகமை எச்சரிக்கை சேர்த்தது. தடவியதும் கை கழுவுங்கள், ஈரம் காய்ந்த பிறகே குழந்தையைத் தூக்குங்கள்.

ஃபினாஸ்டெரைட் பிரச்சினையின் வேருக்கே போகிறது. புராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராம் மாத்திரையாக 1992-லும், முடி உதிர்வுக்கு 1 மில்லிகிராம் மாத்திரையாக 1997-லும் எஃப்.டி.ஏ. ஒப்புதல் பெற்றது. ரத்தத்தில் டி.எச்.டி. அளவை சுமார் 70% குறைக்கிறது. இரண்டு வருடச் சோதனையில், மாத்திரை சாப்பிட்டவர்களில் 83% பேருக்கு உச்சந்தலை முடியின் எண்ணிக்கை குறையாமல் நின்றது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் அப்படி நின்றது 28% பேருக்கு மட்டுமே. தலை நிறையத் திரும்ப முளைத்தது என்று இதற்கு அர்த்தமில்லை. ‘இருந்தது நின்றது’ என்பதே இங்கே வெற்றி. விளம்பரங்களின் ‘பிஃபோர் - ஆஃப்டர்’ படங்கள் மறைப்பதும் இதைத்தான்.

சரி, பயம் எதற்கு? பாலியல் பக்கவிளைவுகள் பற்றி நண்பர்கள் வட்டத்தில் பேசப்படுவதற்கு அடிப்படை இருக்கிறது. முதல் வருடச் சோதனைகளில் பாலுணர்வுக் குறைவு, விறைப்புப் பிரச்சினை போன்றவற்றில் ஏதேனும் ஒன்றைச் சொன்னவர்கள் மருந்து சாப்பிட்டவர்களில் 3.8%, வெற்று மாத்திரையில் 2.1%. பெரும்பாலோருக்கு நிறுத்தியதும் சரியானது. நிறுத்திய பிறகும் தொடர்ந்ததாகச் சிலர் சொல்கிறார்கள்; அந்த எச்சரிக்கை மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறது. மனநலம் இன்னும் முக்கியமானது. ஃபினாஸ்டெரைட் மாத்திரையால் தற்கொலை எண்ணம் வரக்கூடும் என்பதை 2025 மே மாதம் ஐரோப்பிய மருந்து முகமையின் பாதுகாப்புக் குழு உறுதி செய்தது. எத்தனை பேருக்கு வரும் என்று கணக்கிட முடியவில்லை என்றும், ஒப்புதல் பெற்ற பயன்பாடுகளில் நன்மை இன்னும் அதிகமே என்றும் சேர்த்துச் சொன்னது.

இதன் நடைமுறை அர்த்தம் எளிது. ஏற்கெனவே மனச்சோர்வு இருந்தவர், அதற்கு மாத்திரை எடுப்பவர், குழந்தைக்கு முயற்சி செய்கிறவர் இதை மருத்துவரிடம் முதல் வரியிலேயே சொல்ல வேண்டும். மாத்திரை ஆரம்பித்த பிறகு மனசு காரணமில்லாமல் கனத்தால், ‘ஆபீஸ் டென்ஷன்’ என்று தள்ளிவிடாமல் மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாப்பிடும் காலத்திலும் நிறுத்திய பின் குறைந்தது ஒரு மாதமும் ரத்த தானம் செய்யக்கூடாது. ஆண் கருவின் வளர்ச்சியைப் பாதிக்கும் என்பதால் கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடவும் கூடாது.

‘மாத்திரைதானே பிரச்சினை, ஸ்ப்ரே எடுத்துக்கலாம்’ என்பது இப்போதைய டிரெண்ட். தலையில் தடவும் ஃபினாஸ்டெரைட்டும் ரத்தத்தில் கலக்கிறது. அமெரிக்காவில் ஆன்லைனில் விற்கப்படும் இத்தகைய கலவைகளால் பக்கவிளைவு வந்த புகார்களைச் சுட்டிக்காட்டி எஃப்.டி.ஏ. 2025 ஏப்ரலில் எச்சரித்தது. அவர்களில் பலருக்கு அபாயமே முன்கூட்டிச் சொல்லப்படவில்லை. இங்கேயும் வீட்டுக்கு வரும் கிட்டில் அந்த மருந்து இருக்கிறதா என்று பாட்டிலின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படிப்பது நல்லது.

கிட், கம்மி, ஜிம் பவுடர்

இந்தியச் சட்டத்தில் பலருக்கும் தெரியாத ஒரு பட்டியல் உண்டு. 1945-ம் ஆண்டின் மருந்து விதிகளில் ‘அட்டவணை ஜே’ என்று பெயர். ஒரு மருந்து தடுக்கும், குணப்படுத்தும் என்று உரிமை கோரவே கூடாத நோய்களின் பட்டியல் அது. அதில் புற்றுநோயோடும் பார்வையின்மையோடும் வழுக்கையும் இருக்கிறது, புதிய முடி வளர்ப்பதும் இருக்கிறது. அதனால்தான் நிறுவனங்கள் ‘ஹேர் ஃபால் கன்ட்ரோல்’, ‘வேர்களுக்கு ஊட்டம்’ என்று சுற்றி வளைக்கின்றன. ஷாம்பு விளம்பரத்தில் ‘முடி உதிர்வு குறையும்’ என்ற வரிக்குக் கீழே நட்சத்திரக் குறியிட்டு ‘உடைவதால் ஏற்படும் உதிர்வு’ என்று பொடியாகப் போட்டிருப்பதைப் பார்க்கலாம். நெற்றி ஏறுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பயோட்டின் கம்மி தேவைப்படும் அளவுக்குக் குறைபாடு சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்களிடம் அபூர்வம். வேறொரு ஆபத்து உண்டு: அதிக அளவு பயோட்டின் தைராய்டு பரிசோதனையையும், மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனையையும் தவறாகக் காட்ட வைக்கும். எஃப்.டி.ஏ. 2017-லேயே இதைச் சொல்லிவிட்டது. ரத்தப் பரிசோதனைக்குப் போனால் கம்மி சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள். சத்து அதிகமானாலும் முடி போகும் என்பதற்கு மகாராஷ்டிராவின் புல்தானா மாவட்டம் சாட்சி. அங்கே சில கிராமங்களில் 2024 டிசம்பர் இறுதியில் தொடங்கி சில நாட்களிலேயே பலர் தலைமுடியை இழந்தார்கள். பரிசோதித்தபோது உடலில் செலினியம் அதிகமாக இருந்தது. பல ‘ஹேர் விட்டமின்’ மாத்திரைகளின் அட்டையில் இருக்கும் அதே செலினியம்.

ஜிம் போகிறவர்களின் கேள்வி கிரியேட்டின். பயம் முழுக்க 2009-ல் தென்னாப்பிரிக்காவில் 20 ரக்பி வீரர்களிடம் நடந்த ஒரு சிறிய ஆய்விலிருந்து வந்தது. டி.எச்.டி. உயர்ந்ததாக அது சொன்னது. முடியை யாரும் அளக்கவேயில்லை. 2025-ல் வெளியான 12 வாரச் சோதனையில் டி.எச்.டி.யையும் முடியையும் அளந்தார்கள், வித்தியாசம் தெரியவில்லை. கிரியேட்டினை விடலாம். ட்ரெயினர் ரகசியமாகக் கொடுக்கும் ஸ்டீராய்டு ஊசிதான் உண்மையிலேயே வழுக்கையைத் துரத்திக்கொண்டு வரும்.

எண்ணெயைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. தேங்காய் எண்ணெய் முடித்தண்டிலிருந்து புரதம் போவதைக் குறைப்பது ஆய்வில் தெரிந்திருக்கிறது. இருக்கும் முடிக்கு நல்லது, வேருக்கு மருந்தல்ல. பொடுகு இருந்தால் எண்ணெய் அதை அதிகமாக்கும். கீட்டோகொனசோல் ஷாம்பு போதும். ரோஸ்மேரி எண்ணெய் மினாக்ஸிடிலுக்குச் சமம் என்று ரீல்ஸில் சொல்வது 2015-ல் ஈரானில் 100 பேரிடம் நடந்த ஒரே ஆய்வை வைத்து. அதில் ஒப்பிட்டது வீரியம் குறைந்த 2% மினாக்ஸிடிலை. ஆண்களுக்குப் பரிந்துரைப்பது 5%.

நட்டுக்கொண்டால் போதாதா?

பின்னந்தலை முடி டி.எச்.டி.க்கு அசைவதில்லை. அதை எடுத்து முன்னால் நட்டாலும் அதன் குணம் மாறுவதில்லை. நியூயார்க் மருத்துவர் நார்மன் ஓரென்ட்ரைக் 1950-களில் இதைக் காட்டினார். முடி மாற்று சிகிச்சையின் அஸ்திவாரம் இது. ஆனால், நட்ட முடிக்குப் பின்னால் இருக்கும் பழைய முடி அதன் போக்கில் போய்க்கொண்டேதான் இருக்கும். 22 வயதில் நெற்றியை மட்டும் நிரப்பி, மருந்தும் எடுக்காவிட்டால், 30 வயதில் முன்னால் ஒரு வரப்பு, நடுவில் வெட்டவெளி என்று நிற்க நேரும். அதை நிரப்பப் பின்னந்தலையில் இருப்பு குறைந்திருக்கும். வழுக்கை எதுவரை போகும் என்பது தெரியும் முன்பே ‘ஆஃபர் முடியுது’ என்று அவசரப்படுத்தும் இடத்தை விட்டு விலகிவிடுவது நல்லது.

யார் செய்கிறார்கள் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. 2016 மே மாதம் சென்னையில் முடி மாற்று சிகிச்சை செய்துகொண்ட 22 வயது மருத்துவ மாணவர் இறந்தார். அந்த இடத்துக்கு சலூன் உரிமம் மட்டுமே இருந்தது பிறகு தெரியவந்தது. மருத்துவம் படித்தவரே ஏமாந்த இடம் அது. யூடியூபிலோ பயிலரங்கிலோ பார்த்துக் கற்றுக்கொண்டது போதாது, உரிய பயிற்சி பெற்ற மருத்துவரே செய்ய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. மயக்க மருந்தை யார் கொடுப்பார், முழு நேரமும் மருத்துவர் அறையில் இருப்பாரா, அவசரமானால் எந்த மருத்துவமனை - முன்பணம் கட்டும் முன் இந்த மூன்றையும் கேட்டுவிட வேண்டும்.

அப்போ என்னதான் செய்வது?

திடீரென்று கொத்தாகக் கொட்டினால் மூன்று மாதம் பின்னோக்கி யோசியுங்கள். காய்ச்சல் வந்ததா, பட்டினி கிடந்தீர்களா? ரத்தத்தில் இரும்பு இருப்பு, தைராய்டு பார்க்கலாம். நெற்றி மூலையும் உச்சியும் மெலிந்தால் நேராகத் தோல் மருத்துவரிடம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு புறநோயாளிகளைப் பார்க்கிறது. ஆப்பில் பத்து கேள்விக்குப் பதில் சொன்னதும் கிட் அனுப்புவது பரிசோதனை ஆகாது. தலையை யாராவது நேரில் பார்க்க வேண்டும். சாதாரண கடை மருந்தாக வாங்கினால் மாதச் செலவு பெரும்பாலும் ஆயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னேதான். கிட்டில் விலை ஏறுவது கூடவே வரும் ஷாம்புவாலும் கம்மியாலும்.

ஆரம்பிக்கும் நாளில் ஒரே விளக்கின் கீழ், ஈரமில்லாத தலையில், முன்னாலிருந்தும் மேலிருந்தும் போட்டோ எடுத்து வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மட்டும் எடுங்கள். தினமும் கண்ணாடி பார்த்து முடிவெடுக்க முடியாத அளவுக்கு இந்த மாற்றம் மெதுவானது. ஒரு வருடம் கழித்துப் படங்கள் ஒரே மாதிரி இருந்தால் மருந்து வேலை செய்கிறது.

எதுவுமே வேண்டாம் என்று முடிவெடுப்பவரும் உண்டு. வழுக்கை உடம்பைக் கெடுக்கும் நோயல்ல. வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிட மனமில்லாதவர் டிரிம்மரில் பூஜ்யம் வைத்துக்கொண்டு போய்விடலாம். வெயிலில் போகும்போது தொப்பியோ சன்ஸ்கிரீனோ மட்டும் தேவைப்படும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும் நேரத்தில் வீட்டார் ‘ஏதாவது பண்ணு’ என்று நெருக்குவார்கள். அப்போது ஆரம்பித்து, நிச்சயம் முடிந்ததும் நிறுத்திவிடுவது பலர் செய்வது. நிறுத்தினால் ஒரு வருடத்துக்குள் தலை, மருந்தே எடுக்காமல் இருந்திருந்தால் எப்படி இருக்குமோ அந்த நிலைக்குப் போய்விடும்.